புது கார்புரேட்டர் வாங்கும் முன்

கேள்வி: ஊர் பர்மாவின் மோல்மேன். 125 சிசி சீன வண்டி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் முடோன் சாலைக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறேன். சந்தைக்குள் மெதுவாக உருட்டி வந்து ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால், வண்டி ஒரு நொடி திணறிவிட்டுத் திடீரென்று பாய்கிறது. பின்னால் முட்டைத் தட்டு இருந்தால் உயிர் போகிறது. காலையில் வெகுநேரம் சோக் போட வேண்டியிருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. ஆனால் முழுக்கத் திருகினால் நன்றாகவே ஓடுகிறது. உதிரிபாகக் கடையில் பெரிய வாய் கார்புரேட்டரும் மெயின் ஜெட் செட்டும் வாங்கிப் போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா அண்ணே?

பதில்: இரண்டுமே வேண்டாம் தம்பி. முழுக்கத் திருகினால் நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜெட் என்பது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. மெயின் ஜெட்டுக்கு வேலை வருவதே ஏறக்குறைய முக்கால் திருகலுக்கு மேல்தான். அங்கே குறை இல்லாதபோது அதை ஏன் மாற்ற வேண்டும்? சந்தைக்குள் உருட்டும்போது வண்டியை நடத்துவது பைலட் ஜெட் என்னும் சின்ன ஜெட். கால் திருகலிலிருந்து முக்கால் வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசியின் ஆட்சி. உங்கள் தொல்லை முழுவதும் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. பெரிய வாய் கார்புரேட்டர் போட்டால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் இன்னும் மந்தமாகி, திணறல் கூடவும் வாய்ப்பு உண்டு.

நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறியும் கலவையில் பெட்ரோல் குறைவு என்பதையே காட்டுகின்றன. புகைக் கட்டுப்பாட்டுக்காகச் சின்ன வண்டிகளைக் கம்பெனியிலேயே கொஞ்சம் வறட்சியாக வைத்து அனுப்புவது வழக்கம். ஆனால் ஜெட்டுக்குக் காசு கொடுக்கும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, பைலட் ஜெட் அடைத்திருக்கிறதா என்பது. அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இராது. தெருவோரத்தில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலை ஊற்றுகிறீர்கள் என்றால், மழைக்காலத்தில் தண்ணீரும் தூசியும் சேர்ந்து வரும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றில் ஊதினால் போதும், கம்பி விட்டுக் குடைய வேண்டாம். பித்தளை மிருதுவானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட்டின் நம்பருக்கே அர்த்தம் இல்லை. இரண்டாவது, கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர். அதில் வெடிப்பு இருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து இதே அறிகுறிகளைக் காட்டும். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐட்லிங்கில் ஓடவிட்டு, ரப்பரைச் சுற்றி லேசாகச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஓடும் சத்தம் மாறினால் கோளாறு அங்கேதான். ஜெட்டைத் தொடவே வேண்டாம், ரப்பரை மாற்றுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் அப்புறம் ஸ்குரூவுக்கு வாருங்கள். வண்டியை நன்றாகச் சூடாக்கி, கார்புரேட்டரிலுள்ள கலவை ஸ்குரூவை மெல்ல உள்ளே உட்காரும் வரை திருகுங்கள், இறுக்கக் கூடாது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, ஐட்லிங் எங்கே உயர்ந்து சீராக நிற்கிறது என்று முன்னும் பின்னும் தேடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்குரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே எடுக்க எடுக்கப் பெட்ரோல் கூடும். ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, வெளியே எடுத்தால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்க ஸ்குரூ மூன்று சுற்றுக்கு மேல் வந்த பிறகுதான் வண்டி நிம்மதியாகிறது என்றால், அல்லது காற்று ஸ்குரூ ஒரு சுற்றுகூட வெளியே வர விடாமல் தகராறு செய்கிறது என்றால், பைலட் ஜெட் ஒரு படி பெரிதாக வேண்டும் என்று பொருள். கெய்ஹின், மிக்குனி இரண்டும் கார்புரேட்டர் கம்பெனிகள். கெய்ஹின் வகையில் 35 இருந்தால் 38. மிக்குனி வகையில் 17.5 இருந்தால் 20. ஒரு படிக்கு மேல் எடுத்த எடுப்பில் தாவாதீர்கள்.

அதற்குப் பிறகும் நடுத் திருகலில் சுணங்கினால் ஊசியைக் கொஞ்சம் தூக்கலாம். ஊசியின் தலையில் பல பள்ளங்கள் இருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றுங்கள், ஊசி மேலே ஏறும். ஒரே பள்ளம்தான் என்றால், கிளிப்புக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று போதும். அந்த வாஷருக்குக் கடையில் காசுகூட வாங்க மாட்டார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

வாங்கும்போது பழைய ஜெட்டைக் கையில் கொண்டு போங்கள். மரை, நீளம், தலை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கெய்ஹின் நம்பர் பெரும்பாலும் துளையின் விட்டத்தைச் சொல்வது, 80 என்றால் 0.80 மில்லிமீட்டர். மிக்குனியின் பெரிய அறுகோணத் தலை ஜெட்டில் நம்பர் பெட்ரோல் ஓடும் அளவைச் சொல்லும். ஆகவே ஒரு கம்பெனி 80ஐ இன்னொரு கம்பெனி 80க்கு ஈடாக வைக்க முடியாது. மலிவு செட்டில் வரும் ஜெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துத் துளை வழியே பாருங்கள். ஓரத்தில் பிசிறு இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். பத்து ஜெட் அடங்கிய செட்டைவிட நம்பிக்கையான ஒரே ஜெட் மேல்.

பெட்ரோல் செலவு கொஞ்சம் கூடலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் சோக் போட்டு ஓட்டும் நேரம் குறையும், திணறலைச் சமாளிக்க ஆக்சிலேட்டரை அள்ளித் திருகுவதும் குறையும்.

கேள்வி: பெகுவிலிருந்து வேலை மாற்றலாகி தவுஞ்சிக்கு வந்தேன். அதே வண்டி இங்கே இழுக்கவில்லை, பிளக் கறுத்துப்போகிறது. புது சைலன்சர் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தவுஞ்சி ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி சமவெளியிலுள்ள பெகுவைவிட எட்டில் ஒரு பங்கு போலக் குறைவு. பெட்ரோல் அதே அளவு வருவதால் கலவை கெட்டியாகி விடுகிறது. ஏர் பில்டரைச் சுத்தம் செய்துவிட்டு, மெயின் ஜெட்டை ஒரு படி இறக்குங்கள், கெய்ஹினில் 80 இருந்தால் 78. போதவில்லை என்றால் இன்னும் ஒரு படி. வண்டி சீராகும், கறுப்பும் போகும். ஆனால் பெகுவில் இருந்த இழுவை முழுதாகத் திரும்பாது, காற்றே குறைவு. பழைய ஜெட்டைப் பத்திரமாக வையுங்கள். பெகுவுக்கு வண்டியைக் கொண்டு போனால் அதைத் திரும்பப் போட்டே ஆக வேண்டும். சின்ன ஜெட்டோடு சமவெளியில் முறுக்கி ஓட்டினால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

கேள்வி: தாய்லாந்திலிருந்து வந்த பழைய ஹோண்டா வேவ் 125i வண்டி ஒன்று வாங்கினேன். பிக்கப் வர ஜெட் மாற்றித் தருவதாக ஒரு மெக்கானிக் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பெயரின் கடைசியிலுள்ள அந்த i, பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் இன்ஜெக்‌ஷனைக் குறிப்பது. அந்த வண்டியில் கார்புரேட்டரே இல்லை, மாற்றுவதற்கு ஜெட் எங்கே இருக்கும்? ஏர் பில்டர், பிளக், இன்ஜெக்டர் சுத்தம், பெட்ரோல் பம்ப் இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள், வேறு மெக்கானிக்கிடம்.