‘ரோம், ஓப்பன் சிட்டி’ (1945): கேள்வி பதில்

கே: ஜெர்மானியர் பிடியிலிருந்த ரோமைப் பற்றி இத்தாலிய இயக்குநர் ரோஸ்ஸெலினி எடுத்த இந்தப் படத்தை முதல்முறை பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ப: முதலில் பிரிண்டை. இணையத்தில் கிடக்கும் மங்கலான பிரதியைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவுக்கு மார்க் போடாதீர்கள். சீரமைத்த பதிப்பாகத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்து, நாயகி பீனா சாகும் காட்சியும் அதற்குச் சற்று முன்னால் வருவதும். ஜெர்மானியர் குடியிருப்பைச் சோதனை போடுகிறார்கள். ஒளித்து வைத்த குண்டை மறைக்க, சாகக் கிடக்கும் கிழவருக்கு இறுதிச் சடங்கு என்று சொல்லிப் பாதிரியார் தோன் பியேத்ரோ மாடியேறுகிறார். கிழவரோ படுக்க மாட்டேன் என்கிறார். வாணலியால் தலையில் ஒரு போடு! சிரிப்பு அடங்குவதற்குள் பீனாவின் மாப்பிள்ளை ஃபிரான்செஸ்கோவை லாரியில் ஏற்றுகிறார்கள், பீனா காவலை உதறிக்கொண்டு பின்னால் ஓடுகிறாள், சுடுகிறார்கள், விழுகிறாள். அன்று அவளுக்குக் கல்யாணம், வயிற்றில் பிள்ளை. முகத்துக்கு க்ளோசப் இல்லை, கடைசி வசனம் இல்லை. பாதிப் படத்திலேயே நாயகியைக் கொன்றுவிட்டு மேலே போகிற துணிச்சல்தான் இதன் பெரிய பலம்.

கே: தெருப் புகைப்படக்காரர்களிடம் வாங்கிய துண்டு ஃபிலிமில் எடுத்ததாமே?

ப: அழகான கட்டுக்கதை. 1995 சீரமைப்பின்போது நெகட்டிவைப் பார்த்தால் மூன்றே வகை ஃபிலிம்: வெளிப்புறத்துக்கு ஃபெர்ரானியா சி6, உட்புறத்துக்கு வேகம் கூடிய ஆக்ஃபா சூப்பர் பான், ஆக்ஃபா அல்ட்ரா ராப்பிட். வெளிச்சம் ஏறி இறங்குவதற்குக் காரணம் லேப்: டெவலப் செய்த நேரம் ஒரே சீராக இல்லை, தொட்டியில் சரியாக அசைக்கவில்லை, ஃபிக்சிங்கும் போதவில்லை.

கே: எல்லாரும் புதுமுகங்கள்தானே?

ப: இல்லை. பீனாவாக வரும் அன்னா மஞ்ஞானியும் பாதிரியாராக வரும் ஆல்டோ ஃபப்ரிசியும் மேடையிலும் நகைச்சுவைப் படங்களிலும் பழுத்தவர்கள். வாணலிக் காட்சி எடுபடுவது அதனால்தான்.

கே: துண்டு ஃபிலிம் என்பதால்தானே இருட்டாக இருக்கிறது?

ப: இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

கே: முழுக்க நிஜ இடங்களா?

ப: பாதிக்குப் பாதி. பீனா வீட்டு வாசல் ரோமின் பிஞேத்தோ பகுதியில் உள்ள மோன்தெகூக்கொலி தெரு. நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அலுவலகம் அவிஞோனேசி தெருவில் போட்ட செட். சினெசித்தா ஸ்டுடியோ அப்போது அகதி முகாம். குரல் முழுக்கப் பிறகு டப் செய்தது. பலவீனமும் அந்த செட்டில்தான். கெஸ்டபோ அதிகாரி பெர்க்மன் மேசைக்கு ஒரு பக்கக் கதவைத் திறந்தால் சித்திரவதை அறை, மறுபக்கம் பியானோ வாசிக்கும் உல்லாச அறை. நாடக மேடைதான். அவருடைய கையாள் இங்கிரிட்டின் ஒருபால் ஈர்ப்பையே அவளுடைய கொடூரத்துக்கு அடையாளமாக்கியது அதைவிட மோசம்.

கே: ஒப்புக்கொள்ள மாட்டேன். நகரம் விடுபட்டது 1944 ஜூன் 4, படப்பிடிப்பு 1945 ஜனவரி. ஏழு மாதத்தில் ஆறுகிற கோபமா அது?

ப: கோபத்தில் குறையே இல்லை. குறை, உண்மையை வசதியாக மாற்றியதில். தோன் பியேத்ரோவுக்கு மூலம் இரண்டு பாதிரியார்கள்: ஜெர்மானியர் கூட்டுக்கொலை நடத்திய ஆர்தெயாத்தினே குகைகளில் கொல்லப்பட்ட பப்பகல்லோ, 1944 ஏப்ரல் 3 அன்று பிராவெத்தா கோட்டையில் சுடப்பட்ட மொரோசினி. மொரோசினியைச் சுட நின்ற இத்தாலியர்களில் பெரும்பாலோர் வேண்டுமென்றே குறி தவறவிட்டார்கள். அது படத்தில் இருக்கிறது. கடைசியில் துப்பாக்கியை எடுத்து முடித்தவர் இத்தாலிய பாசிச அதிகாரி. படத்தில் அது ஜெர்மானிய அதிகாரி ஹார்ட்மன்!

கே: (அதே நண்பர்) ரோம் போலீஸ் தலைவர் பெர்க்மனுக்கு உதவுகிறாரே, அவர் இத்தாலியர்தானே?

ப: நல்ல பிடி. ஆனால் படத்தில் அவர் வெறும் எடுபிடி. நிஜப் போலீஸ் தலைவர் கரூசோ, குகைகளில் கொல்லப்பட்ட 335 பேரில் 50 பேருக்குப் பட்டியல் கொடுத்தவர். 1944 செப்டம்பரில் விசாரணை நடந்து, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். படக்குழுவுக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்தும் பழியை மொத்தமாக ஜெர்மானியர் கணக்கில் எழுதினார்கள்.

கே: துண்டு ஃபிலிம்...

ப: மூன்றாம் முறை. பதில் இல்லை.

கே: ‘பைசைக்கிள் தீவ்ஸ்’தானே இதைவிட மேல்?

ப: அது 1948, போர்ப்படமே இல்லை. அடுத்தவர்.

கே: இதே இயக்குநரிடம் அடுத்து எது?

ப: ‘பைசா’ (1946). ஆறு கதைகள், சில இடங்களில் நடிப்பு தடுமாறும். போ ஆற்றுச் சதுப்பில் நடக்கும் கடைசிக் கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பியானோ அறையும் கிடையாது, மேடை வில்லனும் கிடையாது.