அந்தமான் செல்லுலார் சிறையில் கைதிகளை எப்படித் தனிமைப்படுத்தினார்கள்?

அங்கே முதல் தண்டனையே கட்டடம்தான். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையில், நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல 7 கிளைகள் நீண்டன. கிட்டத்தட்ட 700 அறைகள், அறைக்கு ஒருவர். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி அமைத்தார்கள். கம்பிக்கதவு வழியே பார்த்தால் எதிரே வெறும் சுவர். இன்னொரு கைதியின் முகம் தெரியாது. காற்றுக்கு இருந்த ஒரே துவாரமும் கைக்கு எட்டாத உயரத்தில். நடுக்கோபுரத்தில் நின்ற காவலர்கள் எல்லாக் கிளைகளையும் கண்காணித்தார்கள். இதைத் திட்டமிட்டவர்கள் மனிதமனத்தை நன்கு அறிந்தவர்கள் என்பதுதான் என்னை நடுங்க வைக்கிறது.

பகலில் செக்கிழுக்க வேண்டும். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த அதே செக்குத்தான். மாடு செய்யும் வேலை. குறித்த அளவு எண்ணெய் வராவிட்டால் அடியும் விலங்கும்.

இத்தனைக்கும் பிறகு அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள் என்பதை அவசியம் சொல்ல வேண்டும். 1933இல் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பலவந்தமாகப் பால் புகட்டியதில் பகத்சிங்கின் தோழர் மகாவீர் சிங் இறந்தார். மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகியோரும் அதே போராட்டத்தில் உயிரிழந்தனர். கேட்டவை பெரிதல்ல: நல்ல உணவு, விளக்கு, படிக்கப் புத்தகங்கள். 1937இல் மீண்டும் உண்ணாவிரதம். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே, அடுத்த ஆண்டு தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் தாய்நிலத்துச் சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள்.