மட்டக்களப்பில் இருபத்தைந்து பெண்கள் உட்பட முப்பது பேர் வேலை செய்யும் இறால் பதனிடும் இடத்துக்கு மலசலகூடம் எப்படி அமைய வேண்டும்?

இருபத்தைந்து பேர் பெண்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்று கட்டுங்கள். இரண்டு போதும் என்பவர்கள் தேநீர் இடைவேளையை மறந்துவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். வரிசை நீண்டால் முதலில் விடுபடுவது கை கழுவுவதுதான். பெண்கள் பக்கம் ஒவ்வொன்றிலும் மூடியுள்ள, காலால் திறக்கும் குப்பைவாளி கட்டாயம். இல்லையென்றால் நாப்கின் குழாயை அடைக்கும்.

கதவு இறால் உரிக்கும் அறைக்குள் நேரே திறக்கக் கூடாது. நடுவில் ஒரு சிறு அறை விடுங்கள். ஏப்ரன், கையுறை, பூட்ஸ் மூன்றையும் அங்கேயே கழற்ற வேண்டும். கொளுக்கியை மலசலகூடத்துக்குள் அடிக்காதீர்கள்: ஈரச் சுவரில் உரசிய ஏப்ரன்தான் பிறகு மேசை விளிம்பிலும் உரசும். உள்ளே போட வேறு நிறத்தில் இறப்பர் செருப்பு வையுங்கள்.

குழாய் காலால் மிதிப்பதாக அல்லது முழங்கையால் தள்ளுவதாக இருக்கட்டும். திருகு குழாயை அழுக்குக் கையால் திறந்து, கழுவிய கையால் அதே பிடியைத்தான் மூடுவார்கள். திரவச் சவர்க்காரம் போட்டு, நகக்கண் உட்பட 20 விநாடி தேய்க்க வேண்டும். பொதுத் துவாய் வேண்டாம், காகிதத் துவாய் போதும். பிறகு 50 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கில் 50 பங்கு) குளோரின் நீரில் கை நனைக்கலாம்: 5 வீதக் குளோரின் திரவம் என்றால் 10 லீற்றர் தண்ணீருக்கு 10 மில்லிலீற்றர். கையில் இறால் வழுவழுப்பு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் சவர்க்காரம்தான் முதலில். வெயில் படும் இடத்தில் வைத்த போத்தல் பலம் இழக்கும், சோதனைத் தாளால் பாருங்கள். கிருமிநீக்கி ஜெல் சவர்க்காரத்துக்கு ஈடாகாது. வாந்தி, வயிற்றோட்டம் தரும் நோரோவைரஸை அது சரியாகக் கொல்வதில்லை.

நம் பக்கம் கவனிக்க வேண்டியது மலக்குழி. கல்லடி, காத்தான்குடி மணலில் மாரி வந்தால் நிலத்தடி நீர் மேலே ஏறும். உறிஞ்சுகுழி வேலை செய்யாது, அழுக்கு திரும்பி வரும், கிணற்றுக்கும் போகும். அடி அடைத்த தொட்டி கட்டுங்கள். அதிலிருந்து வெளியேறும் கழிவு நீர் மண்ணில் உறிஞ்சும் இடம் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி இருக்கட்டும். மணலில் 30 கிடைத்தால் விடாதீர்கள். ஐப்பசிக்கு முன்பே பவுசர் பிடித்துத் தொட்டியை வெறுமையாக்குங்கள். அத்திவாரம் வெட்டும் முன் வரைபடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள்.

வயிற்றோட்டம் வந்தவர் அது நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை இறாலைத் தொடக் கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுங்கள். நாட்கூலிக்கு வரும் பெண் சம்பளம் வெட்டப்படும் என்று தெரிந்தால் நோயைச் சொல்லமாட்டார்.