வரிசையில் நிற்காமல் ராட்டினம் ஏற எந்த நாள்? வாசகர் கேள்வி – பதில்

தீம் பார்க் போவது பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: ஆளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போகிறோம், பாதி நாள் வரிசையிலேயே போய்விடுகிறது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

வார நாளில் கூட்டமே இருக்காது என்றார்கள். ஜனவரியில் ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு போனோம். வாசலில் வரிசையாகப் பள்ளிப் பேருந்துகள். ஞாயிற்றுக்கிழமையே தேவலை என்று ஆகிவிட்டது. உண்மையில் எந்த நாளில்தான் கூட்டம் இருக்காது?
– வாசகி, குரோம்பேட்டை

நீங்கள் கிழமையைச் சரியாகப் பார்த்தீர்கள், மாதத்தைப் பார்க்கவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்து, பொதுத்தேர்வு தொடங்காத ஜனவரி, பிப்ரவரிதான் பள்ளிகள் சுற்றுலா கிளம்பும் காலம். வெயிலும் குறைவு. ஒரு பேருந்தில் ஐம்பது பிள்ளைகள் என்றால் பத்துப் பேருந்துக்கு 500 பேர். அந்த 500 பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, முதலில் கண்ணில் படும் பெரிய ரைடை நோக்கித்தான் ஓடுவார்கள்.

தமிழ்நாட்டுக் கணக்குப்படி நல்ல நாட்கள் என்றால், பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலை முடியும்வரை வரும் செவ்வாய், புதன், வியாழன். புத்தகம், சீருடை, கட்டணம் என்று வீடுகளில் பணம் கரைந்திருக்கும் நேரம் அது. பள்ளிச் சுற்றுலாவும் தொடங்கியிருக்காது. அடுத்தது தேர்வு வாரங்கள்: செப்டம்பரில் காலாண்டு, டிசம்பர் நடுவில் அரையாண்டு, பிறகு மார்ச். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாத வீட்டினர், கல்லூரி மாணவர்கள், அலுவலக நண்பர்கள் ஆகியோருக்குத் தேர்வு வாரத்தைப் போல நல்ல வாரம் கிடையாது.

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு வழி உண்டு. அதைப் பலரும் யோசிப்பதில்லை. உள்ளூர் விடுமுறை! ராஜராஜ சோழன் சதய விழாவுக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துக்கும், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். அன்றைக்கு உங்கள் ஊரில்தான் விடுமுறை. பூங்கா இருக்கும் ஊரில் எல்லாரும் பள்ளியிலும் அலுவலகத்திலும் இருப்பார்கள். விழா தேதியைக் காலண்டரில் பார்த்து முன்கூட்டியே திட்டமிடலாம். ஈடுசெய்ய ஒரு சனிக்கிழமை வேலை நாளாக வரும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமையை நம்ப வேண்டாம். கம்பெனிகள் டீம் அவுட்டிங் வைக்கும் நாள் அது. வியாழன் அரசு விடுமுறை என்றால் வெள்ளியும் சேர்ந்து நான்கு நாள் விடுமுறையாகிவிடும். காணும் பொங்கலன்று கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமே போகாதீர்கள்; பூங்கா வரிசைக்கு முன்னால் சாலையிலேயே வரிசை நிற்கும்.

எல்லாம் சரிபார்த்த பிறகும் முந்தின நாள் பூங்காவுக்கு ஒரு போன் செய்து, "நாளைக்கு ஸ்கூல், காலேஜ் குரூப் புக்கிங் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். குரூப் புக்கிங் முன்பே பதிவாகியிருக்கும் என்பதால் அவர்களால் பதில் சொல்ல முடியும். கூடவே "நாளைக்கு எந்த ரைடு ஓடாது?" என்றும் கேட்டுவிடுங்கள். கூட்டம் குறைந்த மாதங்களில்தான் பெரிய ரைடுகளைப் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள். வரிசை இல்லாத நாளில் போய், போனதே அந்த ஒரு ரைடுக்காக என்றிருக்க, அது தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தால் மனசு விட்டுப்போகும்.

கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர் பெங்களூரு வொண்டர்லாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போகிறோம். எதில் முதலில் ஏறுவது?
– வாசகர், சேலம்

பிடதியில் இருக்கும் அந்தப் பூங்காவில் முதலில் போக வேண்டியது ரீகாய்ல். காரணம் அதன் அமைப்பு. பின்னோக்கி மேலே இழுத்து, விட்டு, தலைகீழாகச் சுழற்றி, மறுமுனையில் மேலே ஏற்றி, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும் 'பூமராங்' வகை ரோலர் கோஸ்டர் அது. தண்டவாளம் வட்டமாக முடியாததால் அதில் ஒரே ஒரு ரயில்தான் ஓட முடியும். போன ரயில் திரும்பி வந்து, ஆட்கள் இறங்கி, நீங்கள் ஏறி, பூட்டைச் சரிபார்த்த பிறகுதான் அடுத்த ஓட்டம். கூட்டம் கொஞ்சம் சேர்ந்தாலும் இந்த மாதிரி ரைடில்தான் வரிசை முதலில் நீளும். இரண்டு மூன்று ரயில் மாற்றி மாற்றி ஓடும் கோஸ்டரில் வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும்.

எந்த வரிசையில் சேருவதற்கு முன்பும் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ரயிலில் எத்தனை சீட் என்று எண்ணுங்கள். பூமராங்கில் வழக்கமாக 28. ஒரு ரயில் கிளம்பி அடுத்தது கிளம்ப எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். நான்கு நிமிடம் என்றால், உங்களுக்கு முன்னால் நிற்கும் 140 பேர் ஐந்து ஓட்டத்தில் ஏறிவிடுவார்கள். காத்திருப்பு 20 நிமிடம். அதே 140 பேர் 12 சீட் உள்ள ரைடில் நின்றால் 12 ஓட்டம், முக்கால் மணி நேரத்துக்கும் மேல். வரிசையின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

ஆளே இல்லாத நாளில் வேறு ஒரு தாமதம் வரும். சீட் ஓரளவு நிரம்பும்வரை ஆபரேட்டர் ரைடை ஓட்டாமல் வைத்திருப்பார். ராட்சத ராட்டினத்தில் ஒரே பக்கம் பாரம் ஏறினால் சுற்றுவது சீராக இருக்காது என்பதால், எதிரெதிர்த் தொட்டிகளில் ஆட்களைப் பிரித்து உட்கார வைப்பார்கள். ஊஞ்சல் போல ஆடும் கொலம்பஸ் கப்பலிலும் அப்படித்தான் இரு பக்கமும் நிரப்புவார்கள். நீங்கள் எட்டுப் பேராக இருப்பது இங்கேதான் கைகொடுக்கும். எட்டுப் பேரும் சேர்ந்தே போய் நின்றால் சின்ன ரைடில் பாதி சீட் நிரம்பிவிடும், சீக்கிரம் கிளப்பிவிடுவார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரியாதீர்கள்.

கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் வெளியில் உள்ள பெரிய ரைடுகள், வெயில் ஏறியதும் நீர்ச்சறுக்குகள், கடைசி ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி பெரிய ரைடுகள். இந்த ஒழுங்கில் போங்கள். பள்ளிக் குழுக்கள் வந்திருந்தாலும் இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டுமென்று நான்கு மணி வாக்கில் பிள்ளைகளை எண்ணிப் பேருந்தில் ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு பெரிய ரைடுகளில் இறங்கி உடனே திரும்ப ஏறலாம். அந்த நேரத்தில் ரோலர் கோஸ்டரில் கடைசி வரிசை சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முன்பெட்டிகள் உச்சியைத் தாண்டிக் கீழே இழுக்கும்போது வேகத்தோடு உச்சியைக் கடப்பது கடைசிப் பெட்டிதான். வயிறு மேலே வரும் உணர்வு அங்கே அதிகம்.

கல்லூரி அடையாள அட்டையை எடுத்துப் போங்கள், மாணவர் சலுகை உண்டு. நீர் ரைடுக்கு நைலான் அல்லது லைக்ரா உடை வேண்டும். பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும்; ஜீன்ஸின் உலோகப் பொத்தானும் ஜிப்பும் சறுக்கின் ஃபைபரைக் கீறிவிடும். அதனால்தான் தடுக்கிறார்கள். வீட்டிலிருந்தே கொண்டுபோனால் அங்கே கடையில் வாங்கும் செலவு மிச்சம்.

வார நாளில் போகும்போதும் ஃபாஸ்ட்ராக் டிக்கெட் எடுக்க வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். கூடுதல் பணம் கட்டி வரிசையைத் தாண்டிப் போவதற்கான டிக்கெட் அது. வரிசையே பத்து நிமிடம்தான் என்னும்போது தாண்டிப் போக எதுவும் இல்லை. மே மாத ஞாயிறு, கிறிஸ்துமஸ் வாரம் போன்ற நாட்களில், அதுவும் வெளியூரிலிருந்து ஒரே நாளுக்காகப் போகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பணம் தகும். நீங்கள் கொச்சி போவதாக இருந்தால் கேரளப் பள்ளிகளின் ஓணம் விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேலை நாள், அங்கே பத்து நாள் விடுமுறை. பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் நீர்ப் பூங்கா என்றால், ஊட்டிக்குக் கூட்டம் ஏறும் நாளெல்லாம் அங்கும் கூட்டம். இரண்டுக்கும் ஒரே சாலை.

மழைக்காலத்தில் போனால் கூட்டம் இருக்காதே. போகலாமா?
– வாசகி, திருச்சி

மழையைவிட இடியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். தூறலில் பல ரைடுகள் ஓடும். மின்னல் தெரிந்தால் உயரமானவை எல்லாம் நிற்கும், நீர் ரைடிலிருந்தும் வெளியே வரச் சொல்வார்கள். பலத்த மழையில் பிரேக் பிடிமானம் குறையும் என்பதாலும் கோஸ்டரை நிறுத்துவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைப் பக்கம் இடிமழை பெரும்பாலும் மாலையில்தான் வரும். ஆகவே உயரமான ரைடுகளை மதியத்துக்குள் முடித்துவிட்டால் பயமில்லை. வடகிழக்குப் பருவமழை அப்படியல்ல, நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம்வரை முன்பதிவு செய்யும் முன் வானிலை அறிக்கையைப் பாருங்கள். உள்ளே நுழைந்த பிறகு மழைக்காகப் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. பதிவு செய்யும்போதே தேதி மாற்ற வழி உண்டா என்று விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

ஏழு வயது மகனை எல்லாவற்றிலும் ஏற்றுவார்களா?
– வாசகர், மதுரை

வயதைப் பார்க்க மாட்டார்கள், உயரத்தைத்தான் பார்ப்பார்கள். பெரிய ரைடுகளுக்குப் பொதுவாக 140 செ.மீ. வேண்டும். தோள்பூட்டு அதற்கும் குறைந்த உடலில் இறுகப் பதியாது. ஏழு வயதில் அந்த உயரம் பெரும்பாலும் இருக்காது. வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிறுத்தி அளந்து, "இன்னும் இவ்வளவு வளரணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அங்கே அளவுகோல் முன்னால் அழுகை இருக்காது. பெரியவர்கள் இருவர் போனால், ஒருவர் ஏறும்போது மற்றவர் அவனோடு சிறுவர் ரைடில் இருக்கலாம். வரிசை இல்லாத நாளில் இந்த மாற்றலுக்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

மே மாதம் சிங்கப்பூர் போகிறோம். யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு எந்த நாள் நல்லது?
– வாசகி, புதுக்கோட்டை

நம் கோடை விடுமுறை உங்களுக்குச் சாதகம். சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கி நான்கு வாரம் நடக்கும். மே தின விடுமுறைக்குச் சீனாவிலிருந்து வருகிற கூட்டம் முதல் வாரத்தோடு வடிந்துவிடும். இடைப்பட்ட மே நடுவில், விசாக தின விடுமுறையைத் தவிர்த்து, செவ்வாய் முதல் வியாழன்வரை ஒரு நாளைப் பிடியுங்கள். 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் பகுதிக்குக் கதவு திறந்ததும் போய்விடுங்கள். பிற்பகல் இடிமழைக்கு வெளிப்புற கோஸ்டர்கள் நிற்கும், அவற்றையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி ரைடுகள் இரண்டும் கட்டடத்துக்குள் இருப்பதால் மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தனியாக ஏறுகிறவர்களுக்கென்று சில ரைடுகளில் வேறு வரிசை உண்டு. காலியாக மிஞ்சும் ஒற்றை சீட்டில் உட்கார வைப்பார்கள். குடும்பம் பிரிந்து உட்காரச் சம்மதம் என்றால் அதில் போங்கள்.

கூட்டமே இல்லாத நாளில் போய், பன்னிரண்டு மணிக்கெல்லாம் இரண்டு பேர் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார்கள். ஏன் இப்படி?
– வாசகர், நாகர்கோவில்

கூட்டமில்லாததுதான் காரணம். வழக்கமாக ஒரு ரைடுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரிசையில் நிற்கும் அரை மணியில் உடம்பு நிதானத்துக்கு வந்து தலைசுற்றல் தணிந்துவிடும். வரிசை இல்லாவிட்டால் அந்த இடைவெளியும் இல்லை. ஒன்றிலிருந்து இறங்கியதும் அடுத்ததில் ஏறுகிறோம். தன்னைத்தானே சுற்றும் ரைடு இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். நடுவில் குறைந்தது இருபது நிமிடம் உட்காருங்கள், அல்லது மெதுவாக ஓடும் ரயில் போன்ற ஒன்றில் ஏறுங்கள். காலையில் இட்லி, இடியாப்பம் போதும். எண்ணெய்ப் பூரியும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். மதியம் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் பெரிய ரைடு கூடாது. அந்த நேரத்தில் அலைக்குளத்தில் இருக்கலாம், ஆனால் அலை குறிப்பிட்ட நேரங்களில்தான் வரும். உள்ளே நுழையும்போதே அந்த நேரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது கண்ணை மூடினால் சிலருக்கு மயக்கம் அதிகமாகலாம். தூரத்தில் ஒரே இடத்தைப் பாருங்கள். ஒருமுறை வாந்தி வந்துவிட்டால் உப்பு போட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுகக் குடித்து நிழலில் இருக்க வேண்டும். அன்றைக்கு அவருக்குச் சுற்றும் ரைடுகள் வேண்டாம்.