சிறார் நீதி அமைப்பு ஆய்வுச் சான்றைப் பயன்படுத்துகிறதா என்று எப்படி அளப்பது?

"பலன் தரும் என்று ஆய்வில் தெரிந்த, அதாவது சான்றுள்ள திட்டங்கள் எத்தனை நடக்கின்றன என்று எண்ணினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2003-இல் இதற்குச் சட்டமே போட்டது. சிறார் துறை உட்படச் சில துறைகள் திட்டச் செலவில் 75 சதவீதத்தைப் படிப்படியாகச் சான்றுள்ள திட்டங்களுக்குத் திருப்ப வேண்டும். பணம் எங்கே போனது என்று இதில் தெரியும். போன இடத்தில் வேலை ஒழுங்காக நடந்ததா என்று தெரியாது. வாஷிங்டன் மாநிலத்தின் 2004 மதிப்பீட்டைப் பாருங்கள். ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி என்ற, குடும்பத்தோடு சேர்த்துச் சிறாருக்குத் தரும் சிகிச்சையைத் தேர்ந்த சிகிச்சையாளர்கள் நடத்தியபோது, 18 மாதத்துக்குள் மீண்டும் பெருங்குற்றத்தில் சிக்குவது 38 சதவீதம் குறைந்தது. தேறாதவர்கள் நடத்தியபோது பலனே இல்லை. எண்ணிக்கைப் பட்டியலில் இரண்டும் ஒன்றுதான்.

அதனால் நடத்தும் விதத்துக்கு மார்க் போடும் கருவி வேண்டும். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் லிப்சி, 548 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அடிப்படையில் எஸ்.பி.இ.பி. (Standardized Program Evaluation Protocol) என்ற அளவுகோலை உருவாக்கினார். மொத்தம் 100 மார்க்: சேவையின் வகைக்கு 30, துணைச் சேவைக்கு 5, தரத்துக்கு 20, எத்தனை வாரம், எத்தனை மணி நேரம் என்பதற்குத் தலா 10, சிறாரின் ஆபத்து நிலைக்கு, அதாவது மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்புக்கு 25.

சறுக்குவது பெரும்பாலும் வாரக் கணக்கில்தான். அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) இலக்கு 15 வாரம், 45 மணி நேரம் என்று வையுங்கள். பத்துப் பேரில் ஐந்து பேர் 30 வாரம் வந்தார்கள், ஐந்து பேர் 4 வாரத்தில் நின்றுவிட்டார்கள். சராசரி 17 வாரம், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பாதிப் பேருக்கு மருந்து உள்ளேயே போகவில்லை. இலக்கை எட்டியவர்கள் எத்தனை சதவீதம் என்றுதான் எண்ண வேண்டும். அதற்கு ஒவ்வொரு சிறாருக்கும் தேதிவாரி வருகைப் பதிவு வேண்டும். 'முடித்தார் / முடிக்கவில்லை' என்ற ஒற்றைக் குறிப்பு உதவாது. ஆபத்து குறைந்த பிள்ளைகளால் இடத்தை நிரப்பினாலும் மார்க் விழும். அவர்களில் பெரும்பாலோர் எப்படியும் மீண்டும் குற்றத்தில் சிக்கமாட்டார்கள், குறைத்துக் காட்ட அங்கே அதிகம் இல்லை.

இதுவரை சொன்னது திட்டங்களை அளப்பது; முடிவெடுப்பவர்களையும் அளக்க வேண்டும். அதிகாரிகள் ஆய்வைத் தேடுகிறார்களா, எடைபோடுகிறார்களா, முடிவில் சேர்க்கிறார்களா என்று கேட்க அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் பாலிங்காஸ் குழுவின் 45 கேள்வி நேர்காணல் இருக்கிறது. சொந்த வாயால் சொல்வதில் கொஞ்சம் மிகை கலக்கும். கூடவே கோப்புகளையும் எடுங்கள்: ஆபத்து மதிப்பீட்டுக் கருவி சொன்ன நிலையை நன்னடத்தை அலுவலர் எத்தனை வழக்குகளில் மாற்றினார், மாற்றியதற்குக் காரணம் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.