கொக்கின் காலை வெட்டலாமா?

அண்ணா, வணக்கம்.

இந்த வருடம் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு வடுவூர் ஏரிக்குப் போயிருந்தோம். காலை ஏழு மணி இருக்கும், கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் ஒரு சின்னக் கொக்கு. இருபது படம் எடுத்ததில் ஒன்று தேறியது. அந்த ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதிவுசெய்யும் மூலக் கோப்பு) எங்கள் குழுவில் மூன்று பேருக்கு அனுப்பி, ஆளுக்கொரு விதமாக எடிட் செய்து தரச் சொன்னேன். ஒருவர் நெருக்கமாக க்ராப் செய்து பின்னணியைக் கன்னங்கரேலென்று ஆக்கிவிட்டார். இன்னொருவர் கறுப்பு வெள்ளை. மூன்றாமவர் பின்னணியை மொத்தமாக வெளுக்க வைத்து, பழைய காகிதம் மாதிரி ஒரு டெக்ஸ்சரைப் போட்டு ஓவியம் போலச் செய்திருக்கிறார். நான்காவது நான் செய்தது, கொஞ்சம் பளிச்சென்று ஆக்கினேன், அவ்வளவுதான். நான்கையும் ரா ஃபைலையும் இணைத்திருக்கிறேன். வீட்டில் மாமா பார்த்துவிட்டு, "இதெல்லாம் பித்தலாட்டம், கேமராவில் என்ன விழுந்ததோ அதுதான் படம்" என்கிறார். எது சரி? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

கதிரவன், தஞ்சாவூர்

அன்புள்ள கதிரவன்,

மாமாவை முதலில் முடித்துவிடுவோம். அவருடைய கல்யாண ஆல்பத்தை ஒருநாள் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் நெகடிவின் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்து பருவையும் தழும்பையும் மறைப்பது தினப்படி வேலை. கேமராவில் விழுந்தது என்று அவர் சொல்லும் ஜேபெக் (கேமரா தானே பதப்படுத்தித் தரும் படம்) கூட அப்படியே விழுந்ததல்ல, இவ்வளவு கான்ட்ராஸ்ட், இவ்வளவு பச்சை என்று எவரோ ஓர் இன்ஜினியர் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்தது. எடிட் செய்யாத படம் என்று ஒன்று இல்லை, யார் செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

சரி, கொக்குக்கு வருகிறேன். நான்கு படங்களையும் பார்ப்பதற்கு முன்னால் ரா ஃபைலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். கொக்கு ஒரு காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கியிருக்கிறது. கால் கறுப்பு, பாதம் மட்டும் நல்ல மஞ்சள், விரல் நுனியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டுகிறது. சின்னக் கொக்கு அந்தப் பாதத்தால்தான் சேற்றைக் கலக்கும், அடியில் ஒளிந்திருக்கும் மீனும் பூச்சியும் வெளியே வர வேண்டும் என்பதற்காக. நீங்கள் அமுக்கிய நொடியில் அது கலக்கி முடித்து அடுத்த இடத்துக்கு அடி எடுத்து வைக்கிறது. அப்புறம் முதுகிலிருந்து வால் பக்கமாகத் தொங்கும் மெல்லிய தூவிகள், பிடரியில் நாடா மாதிரி இரண்டு நீளமான இறகுகள். தெற்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அதன் கூடு கட்டும் காலம், அதற்கான அலங்காரம் அது. ஆக உங்கள் படத்தில் இருப்பது இரண்டு விஷயம், பாதமும் தூவியும். எந்தப் பாணியில் வேண்டுமானாலும் எடிட் செய்யுங்கள், இந்த இரண்டுக்கும் என்ன ஆயிற்று என்றுதான் நான் பார்ப்பேன்.

முதல் நண்பர் காலையே வெட்டிவிட்டார். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை புரிகிறது, பறவைப் படம் எடுக்கிற எல்லாருக்கும் முதல் இரண்டு வருடம் இந்த வியாதி உண்டு (எனக்கு நாலு வருடம்). ஆடுபன் என்ற அமெரிக்க ஓவியர் 1827 முதல் 1838 வரை அந்த நாட்டுப் பறவைகளை அசல் அளவிலேயே வரைந்து அச்சிட்டு வெளியிட்டார். மூன்றடிக்கும் மேல் உயரமான தாள், அதிலும் பூநாரை அடங்கவில்லை. அவர் காலை வெட்டவில்லை, கழுத்தைக் கீழே வளைத்து, தண்ணீரை நோக்கிக் குனிவது போல வரைந்து அடக்கினார். நமக்குக் கழுத்தை வளைக்கிற வசதி கிடையாது, ஆனால் சட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ளலாமே.

அவருடைய கறுப்புப் பின்னணி நல்ல யோசனைதான். பக்கவாட்டில் வெயில், எதிர்க்கரை நிழல், படமே அந்தப் பக்கம்தான் இழுக்கிறது. ஆனால் செய்த விதம்தான் தப்பு. மென்பொருள் தானாகவே பறவையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மாஸ்க்கை (எடிட் எங்கே பட வேண்டும் என்று பிரிக்கும் எல்லை) அப்படியே நம்பி, வெளியே இருப்பதையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டார். அந்தத் தேர்வுக்கு உடம்பு தெரியும், தூவி தெரியாது. முதுகில் இருந்த இழைகள் பாதி காணவில்லை, கொக்குக்கு முடிவெட்டி விட்டது மாதிரி இருக்கிறது. இந்த இழைகளுக்காகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பியில் செருகுவதற்கென்று கொக்குகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றார்கள், அந்த வியாபாரத்தை எதிர்த்துத்தான் இங்கிலாந்தில் 1889இல் பறவைப் பாதுகாப்புச் சங்கமே தொடங்கினார்கள். அப்படிப்பட்ட தூவியை ஒரு க்ளிக்கில் வழித்துவிட்டார். மாஸ்க் ஓரத்தை முதுகுப் பக்கம் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தளர்த்திவிட்டு, பின்னணியை ஒரே அடியாக இல்லாமல் படிப்படியாக இருட்டாக்கினால் போதும். அச்சிடும்போது தாளின் ஒரு பகுதிக்கு மட்டும் கையால் வெளிச்சத்தை மறைத்தும் கூடுதலாக விட்டும் டார்க்ரூமில் செய்த அதே வேலைதான்.

கறுப்பு வெள்ளை. இதில் எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், கலர் ஃபிலிம் தாராளமாகக் கிடைத்த காலத்திலும் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நான் கேமரா வாங்கினேன். ஆனால் உங்கள் நண்பர் நிறச் செறிவைக் கூட்டிக் குறைக்கும் சாச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். அப்படிச் செய்தால் மஞ்சளும் சேறும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும், பாதம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. நிறத்தைக் கழிக்கக் கூடாது, மாற்ற வேண்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றும் பகுதியில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கும். அதில் மஞ்சளை மட்டும் மேலே ஏற்றிப் பாருங்கள், கறுப்புக் காலின் நுனியில் பாதம் விளக்கேற்றியது மாதிரி வெளியே வரும். நீலத்தைக் கொஞ்சம் இறக்கினால், வானத்தை வாங்கியிருக்கிற தண்ணீர் கனத்துவிடும். நான் செய்து பார்த்தேன், இரண்டு நிமிட வேலை. மஞ்சள் இல்லாத படத்தில் மஞ்சள் தெரிகிறது!

மூன்றாவதைத்தான் நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வெள்ளையின் மேல் வெள்ளைக் கொக்கு, மிஞ்சுவது கறுப்பு அலகு, கண், கறுப்புக் கால், மஞ்சள் பாதம். மை தொட்டு நாலே இழுப்பில் வரைந்தது போல இருக்கிறது. இதில் கஷ்டம் என்னவென்றால், கொக்கின் வெள்ளையும் பின்னணியின் வெள்ளையும் ஒன்றாகிவிடக் கூடாது, பறவை ஒரு மயிரிழையாவது மங்கலாக இருக்க வேண்டும். அதை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார். கெடுத்தது அந்தப் பழைய காகிதம். சுருக்கமும் கறையும் கொக்கின் கண்ணுக்குக் குறுக்கே ஓடுகின்றன. டெக்ஸ்சர் அவ்வளவு ஆசையென்றால் பறவைக்கு வெளியே இருக்கட்டும். வெளியேயும் வேண்டாம் என்பது என் கட்சி.

உங்களுடையது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்கில் அதுதான் மோசம். 'கொஞ்சம் பளிச்சென்று' என்று நீங்கள் சொல்வது எக்ஸ்போஷரை ஏற்றி, க்ளாரிட்டியை (நுணுக்கங்களை அழுத்திக் காட்டும் ஸ்லைடர்) முக்கால்வாசிக்கு இழுத்து, கூடவே வெதுவெதுப்பையும் (மஞ்சள் சாயல்) கூட்டியது. க்ளாரிட்டி இறகைச் சுண்ணாம்புச் சிலையாக்கிவிட்டது, பறவையைச் சுற்றி ஒளிவட்டம் வேறு. எக்ஸ்போஷர் முதுகை வெறும் வெள்ளையாக்கிவிட்டது, அங்கே இருந்த தூவி கரைந்துபோனது. இத்தனைக்கும் எடுக்கும்போது நீங்கள் வெளிச்சத்தைக் குறைத்து எடுத்திருக்கிறீர்கள், அது பாராட்ட வேண்டிய காரியம். இருட்டான தண்ணீருக்கு முன்னால் வெள்ளைப் பறவை நின்றால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து பறவையை வெறும் வெள்ளையாக எரித்துவிடும், அப்படி எரிந்துபோனதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. 14 பிட் ரா ஃபைலில் ஒரு நிறத்துக்கு 16,384 வெளிச்சப் படிகள், ஜேபெக்கில் 256. களத்தில் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததை மேஜையில் உட்கார்ந்து கொட்டிவிட்டீர்கள். ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகள்) கீழே இழுத்து, வைட்ஸை (மிகமிக வெளிச்சமான பகுதிகள்) துளித் துளியாக ஏற்றுங்கள், இறகின் கோடு மறையத் தொடங்கும் இடத்தில் ஒரு அடி பின்வாங்குங்கள்.

வெதுவெதுப்பு விஷயத்தில் நானே உதை வாங்கியிருக்கிறேன். ஒருமுறை உண்ணிக்கொக்குப் படம் ஒன்றில் காலை வெயிலை இன்னும் பொன்னாக்குகிறேன் என்று ஸ்லைடரைத் தள்ளி, தலையும் கழுத்தும் ஆரஞ்சாகிவிட்டது. அழகாகத்தான் இருந்தது. மூத்த பறவை நோக்கர் ஒருவர், "அட, இனப்பெருக்கக் கால நிறம் அதற்குள் வந்துவிட்டதா, எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டு எழுதினார். உண்ணிக்கொக்குக்கு அந்தப் பருவத்தில் நிஜமாகவே தலை ஆரஞ்சாகும். என் ஸ்லைடர் ஒரு பறவையின் பருவத்தையே மாற்றிவிட்டது. உண்மையைச் சொல்லிப் படத்தை நீக்கிவிட்டேன்.

எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்களே, படம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது அது. கணக்கெடுப்புப் பட்டியலோடு, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு தளத்தில் ஏற்றுவதற்கென்றால் க்ராப், வெளிச்சம், அதோடு சரி. அங்கே அது பதிவு. சுவரில் மாட்டுவதற்கென்றால் வானத்தை ஊதாவாக்கினாலும் கேட்க ஆளில்லை, யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். இல்லாததை வரைந்து சேர்ப்பதில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. உங்கள் படத்தில் கீழே இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏஐ-யிடம் கேட்டுப் பார்த்தேன். தண்ணீர் தந்தது, கூடவே சேற்றுக்குள் மறைந்திருந்த இன்னொரு காலுக்கு ஒரு கறுப்புப் பாதத்தையும் இலவசமாகத் தந்தது. ஒரு பாதம் மஞ்சள், ஒரு பாதம் கறுப்பு! அப்படியொரு கொக்கு வடுவூரில் மட்டுமல்ல, எங்கேயும் கிடையாது.

மூன்றாமவரிடம் டெக்ஸ்சர் இல்லாமல் ஒன்று கேட்டு வாங்குங்கள், நானும் ஒரு பிரதி போட்டு வைத்துக்கொள்கிறேன். மீதிப் பத்தொன்பது படங்களில் அந்தக் கால் தண்ணீருக்குள் சேற்றைக் கலக்கும்போது எடுத்தது ஏதாவது இருக்கிறதா? மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.