துடைத்தாலும் மறுநாள் அதே இடத்தில் கரையான் கோடு: ஏன்?

கேள்வி: வடபெரும்பாக்கத்தில் வீட்டை ஒட்டி 15 சென்ட்டில் தோட்டம் வைத்திருக்கிறேன். 2016 வர்தா புயலில் விழுந்த இரண்டு தென்னைகளின் அடிக்கட்டை இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. அதன் பக்கத்தில் போன கார்த்திகையில் ஏழு தென்னங்கன்று நட்டேன். இப்போது கன்றுகளின் அடியிலும் பெரிய தென்னையிலும் கரையான் மண் கோடு ஏறுகிறது. துடைப்பத்தால் தட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே கோடு. ஒரு கன்றின் குருத்தும் வாடிவிட்டது. கண் தெரியாத பூச்சிக்கு வழி எப்படித் தெரிகிறது, ஐயா? என்ன மருந்து ஊற்றலாம்?

பதில்: அம்மா, முதலில் மண்ணெண்ணெயை நிறுத்துங்கள். கரையானுக்கு முன்னால் கன்றின் இளவேர்தான் அதில் கருகும். பெரிய தென்னையைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் மேல்பட்டையில் காய்ந்து செத்த பகுதியைத்தான் பெரும்பாலும் தின்னும். ஆபத்து கன்றுகளுக்கு. வாடிய கன்றின் நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் அது பிழைக்காது. நெற்றோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பலரும் மருந்தின் பெயரை மட்டும் கேட்பார்கள். நீங்கள் வழி எப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தீர்வும் அதற்குள்தான் இருக்கிறது.

வேலைக்காரக் கரையானுக்குக் கண் கிடையாது. வயிற்றின் அடிப்பக்கத்தில் ஒரு சுரப்பி உண்டு. நடக்கும்போது வயிற்றைத் தரையில் தொட்டுத் தொட்டு அதிலிருந்து ஒரு வாசனைப் பொருளைப் பூசிக்கொண்டே போகும். இதை ஃபெரோமோன் என்பார்கள். இரை தேடிப் போகும்போது லேசாகப் பூசும். நல்ல கட்டை கிடைத்துவிட்டால் திரும்பி வரும்போது வயிற்றை அழுத்தி அழுத்திப் பூசும். பின்னால் வருபவை அந்தத் தடத்தை உணர்கொம்பால் தடவித் தெரிந்துகொண்டு, தாமும் அதன்மேல் பூசும். போக்குவரத்து கூடக் கூடத் தடமும் வலுக்கும். தீனி தீர்ந்துபோன பாதையில் யாரும் புதிதாகப் பூசுவதில்லை, அது தானே மங்கிவிடும்.

சில இனங்களில் இந்த வாசனை எவ்வளவு தேவை தெரியுமா? ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குக்கும் குறைவானது ஒரு சென்டிமீட்டர் தடத்துக்குப் போதும். நீங்கள் துடைப்பத்தால் தட்டுவது மேலே இருக்கும் மண் கூரையை. கரையானின் தோல் மெல்லியது, வெயில் பட்டால் உலர்ந்துவிடும், எறும்பும் தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்குப் பயந்து எச்சிலும் மண்ணும் குழைத்துக் கட்டிய கூரைதான் அந்தக் கோடு. கூரை போனாலும் மண்ணுக்குள் பாதை அப்படியே இருக்கிறது. இரவோடு இரவாகப் பாதை வழியே வந்து, உடைந்த இடத்திலிருந்து மறுபடியும் கட்டிவிடுகின்றன.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கதவு நிலையை அரித்த கரையான் நான்கைந்தை எடுத்து வெள்ளைத் தாளில் விட்டு, பால்பாயிண்ட் பேனாவால் பெரிய வட்டம் ஒன்று போட்டேன். முதலில் தாளில் அங்குமிங்கும் அலைந்தன. ஒன்றின் கொம்பு மைக்கோட்டில் பட்டது. சட்டென்று திரும்பி, தலையைத் தாழ்த்திக்கொண்டு கோட்டின் மேலேயே நடந்தது. சுற்றிச் சுற்றி வந்ததே தவிர வட்டத்தை விட்டு இறங்கவில்லை. சில மைகளில் இருக்கும் ஃபினாக்ஸி எத்தனால் என்ற பொருளைக் கரையான் தன் தட வாசனையாக எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பேனாவும் இதற்கு உதவாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் காட்டுங்கள்.

அடுத்தது அந்த அடிக்கட்டை. 1968இல் அமெரிக்காவில் மட்சுமுராவும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு கரையான் இனத்தின் தட வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 12 கார்பன் கொண்ட ஆல்கஹால் அது. கரையானின் உடலில் இருந்த அதே பொருள், பூஞ்சை பிடித்து மக்கிய மரத்திலும் கிடைத்தது. மக்கும் கட்டை கரையானுக்குத் தீனி மட்டும் இல்லை, வா என்று கூப்பிடவும் செய்கிறது. அதன் பக்கத்திலேயே கன்றை நட்டிருக்கிறீர்கள். ஆளை வைத்தாவது இரண்டு கட்டையையும் வேரோடு பெயர்த்து அப்புறப்படுத்துங்கள். செலவுதான், ஆனால் இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

கட்டையை எடுப்பதற்கு முன், ஒரு வாரம் அந்தத் தடத்தையே நமக்கு வேலை செய்ய வைக்கலாம். நம் பாட்டிமார் கோழிக்குஞ்சுக்குக் கரையான் பிடிப்பார்களே, அதே முறை. பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, தென்னை மட்டைத் துண்டு எல்லாம் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். கட்டைக்கும் கன்றுக்கும் இடையில் கோடு போகும் இடத்தை லேசாகக் கீறிவிட்டு, பொழுது சாயும்போது அதன்மேல் பானையைக் கவிழ்த்து வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் எடுத்துக் கோழிக்குக் கொட்டலாம். கோழி இல்லையென்றால் சோப்புத் தண்ணீரில் போடலாம். மறுபடியும் அதே இடத்தில், அதே கோணியோடுதான் கவிழ்க்க வேண்டும். அங்கே பூசிய வாசனை அடுத்த கூட்டத்தை அழைத்து வரும். மண்ணெண்ணெய் பட்ட இடத்துக் கரையானை மட்டும் கோழிக்குப் போடாதீர்கள். ராணி புற்றுக்குள் இருப்பதால் இதனால் கூட்டம் அழியாது, கன்றுகள் மேல் வரும் பாரம் குறையும்.

மிச்சமுள்ள ஆறு கன்றுக்கும் அடித்தண்டிலும் நெற்றின் மேலும் வேப்பெண்ணெய்க் கரைசல் பூசுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி எண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு. பெரிய மரத்துக்கு 2 மீட்டர் உயரம் வரை பூசலாம். ரசாயன மருந்தை நான் இப்போது சொல்லமாட்டேன். புழல் ஏரி உபரி நீர் போகும் பகுதி உங்களுடையது, கிணறும் பக்கத்தில் இருக்கும். மருந்து இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால் தோட்டக்கலை அலுவலரை நேரில் வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலியோரம் புற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். திருவொற்றியூரில் புற்றிடங்கொண்டாராகவே சாமி இருக்கும் ஊர்ப்பக்கம் நம்முடையது. மஞ்சள் பூசிக் கும்பிடும் புற்றாக இருந்தால் அதை இடிக்க நான் சொல்லமாட்டேன். அதற்கும் கன்றுக்கும் நடுவில் காய்ந்த மட்டை, சருகு, தேங்காய் மட்டை எதுவும் கிடக்காமல் கூட்டி வைத்தால் போதும். கன்றுக்குத் தவறாமல் தண்ணீர் கட்டுங்கள், காய்ந்த கன்றைத்தான் கரையான் முதலில் தேடி வரும். பானையில் முதல் நாள் எவ்வளவு விழுந்தது, ஏழாம் நாள் எவ்வளவு என்று குறித்து எழுதுங்கள்.